மலிவான துப்பாக்கியும் அதன் நம்பகமும்

விலை குறைந்த பொருளைச் சந்தையிற் காணும்போது மனிதர் இருவகையில் தவறுவர். மலிவானது என்ற காரணம் ஒன்றினாலேயே அதனை இகழ்ந்து ஒதுக்குவோர் ஒரு சாரார். விலை மிகுந்த பொருள் செய்யும் வேலை அனைத்தையும் இதுவும் செய்யும் என்று விற்பவன் கூறும் சொல்லை அவ்வாறே நம்புவோர் மற்றொரு சாரார். இருசாராருள் எவரும் பொருளைச் சோதித்து அறிந்தவர் அல்லர். ஒருவர் விலையைப் பார்த்தார். மற்றவர் சொல்லைக் கேட்டார். கடிகாரமோ குடையோ வாங்குமிடத்து இத்தவறினால் விளையும் நட்டம் சிறிதே. வாங்கும் பொருள் துப்பாக்கியாயின் நட்டம் கைப்பொருளோடு நில்லாது. கையையும் கண்ணையும், சிலவேளை உயிரையும் தொடும்.

ஐக்கிய அமெரிக்காவில் வாத்து வேட்டையாடுவோரும், வானில் எறியப்படும் களித்தட்டுக்களைச் சுட்டுப் பழகுவோரும் பெரிதும் விரும்பிக் கைக்கொள்ளும் கருவி, தானே தோட்டா நிரப்பிக்கொள்ளும் சன்னத் துப்பாக்கியாகும். இதனை அரைத்தானியங்கித் துப்பாக்கி என்பர். பெயர்பெற்ற இத்தாலிய நிறுவனங்களின் துப்பாக்கி ஒன்று அங்கு ஆயிரத்தைந்நூறு டாலருக்கும் மேலாக விலைபோக, அதே தோற்றமும் அதே அமைப்பும் உடையதாய்ப் பிற நாடுகளில் உருவாகிய துப்பாக்கி அதன் மூன்றிலொரு பங்கு விலைக்குங் கிடைக்கின்றது. இம்மலிவான துப்பாக்கியை நம்பலாமா என்பதே அந்நாட்டு வேட்டைக்காரர் பலர் முன்னுள்ள வினா. இவ்வினாவுக்கு விடைகாணும் முறை துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று. எந்த இயந்திரத்தையும் மதிப்பிடுவதற்கு உரியது.

வேறு பொருள்களைக் குறைபாடுடையவை என்று திருப்பியழைக்கும்படி உற்பத்தியாளருக்கு ஆணையிட அந்நாட்டில் அரசாங்க ஆணைக்குழு ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டில் அதனை நிறுவிய சட்டம் துப்பாக்கிகளை அதன் அதிகாரத்துக்கு அப்பால் வைத்தது. ஆதலின் வாங்குபவன் தன் அறிவையே பெரிதும் காவலாகக் கொள்ள வேண்டியவனாகின்றான்.

நம்பகம் என்பது யாது? ஈழத்துக் கிராமங்களில் 'துவக்கு' என வழங்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கியில் வேலை பெரும்பாலும் மனிதன் கையிலேயே உள்ளது. குழலை மடித்துத் திறப்பவன் அவன். தோட்டாவை இடுபவனும், மீண்டும் மூடுபவனும், வெற்றுத் தோட்டாவை அகற்றுபவனும் அவனே. தானே நிரப்பும் துப்பாக்கியிலோ இவ்வேலைகள் அனைத்தையும் இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்திற் செய்தல் வேண்டும். வெடி தீர்ந்ததும் பூட்டுத் திறக்க வேண்டும். கொக்கியொன்று வெற்றுத் தோட்டாவைப் பற்றி இழுக்க வேண்டும். அது வெளியே எறியப்பட வேண்டும். சுத்தியல் மீண்டும் நாணேற வேண்டும். தோட்டாக் குழாயிலிருந்து ஒரே ஒரு தோட்டா விடுபட வேண்டும். அதனை ஏந்துதட்டு மேலே உயர்த்த வேண்டும். பூட்டு முன்சென்று அதனை அறையினுள் தள்ளி முற்றாக மூட வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைப்பினும் துப்பாக்கி நின்றுவிடும். ஆகவே, நம்பகமாவது இவ்வேலைகள் யாவும் ஒருமுறை நடைபெறுதலன்று. நூற்றுக்கணக்கான முறையும், வெயிலிலும் பனியிலும், வெவ்வேறு தோட்டாக்களோடும், தவறாது நடைபெறுதலாகும்.

இத்தனை வேலைக்கும் வேண்டிய வலு எங்கிருந்து வருகின்றது? சுடப்படும் தோட்டாவிலிருந்தே வருகின்றது. இவ்வுண்மை அடிப்படையானது. கையால் இயக்கும் துப்பாக்கிக்கு வலு கையினது; அது என்றும் ஒருபடித்தானது. தானே நிரப்பும் துப்பாக்கிக்கோ தோட்டாவின் வலுவே மூலதனம். அம்மூலதனம் தோட்டாவுக்குத் தோட்டா வேறுபடும். பன்னிரண்டாம் அளவுத் துப்பாக்கி என்று வழங்குவது, ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டைகளாக்கின் அவற்றுள் ஒன்று பொருந்தும் குழலுடையது. குழலின் விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். அக்குழலிற் களித்தட்டுச் சுடுவோர் 24 கிராம் சன்னம் கொண்ட மெல்லிய தோட்டாவை இடுவர். வாத்து வேட்டைக்காரர் அதனினும் மிகக் கனத்த தோட்டாவை இடுவர். மெல்லியது பொறியை இயக்கப் போதாமற் போகலாம். கனத்தது பொறியை மோதி உடைக்கலாம். இரண்டினையும் ஒரே பொறி ஏற்றுக்கொள்ளச் செய்வதே இத்துப்பாக்கியை வகுத்தோர் எதிர்கொண்ட சிக்கலாகும்.

இச்சிக்கலுக்கு முதன்முதலில் வெற்றிகரமான விடை கண்டவர் அமெரிக்கரான ஜோன் மோசஸ் பிறவுணிங். யூற்றா மாநிலத்து ஒக்டன் நகரிற் பிறந்த அவர் 1900-ஆம் ஆண்டில் தம் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். தம் ஆக்கங்களை அதுகாறும் வாங்கிவந்த வின்செஸ்ரர் நிறுவனத்திடம், விற்கும் துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் உரிமைப்பங்கு கேட்டார், நிறுவனம் மறுத்தது. பின்னர் றெமிங்ரன் நிறுவனத் தலைவரைக் காணச் சென்றிருந்த அந்நாளிலேயே, 1902-ஆம் ஆண்டு சனவரியில், அத்தலைவர் மாரடைப்பால் இறந்தார். பிறவுணிங் கடல்கடந்து பெல்சிய நாட்டு ஹேர்ஸ்ரால் நகர் ஆலையில் அதனை உருவாக்கச் செய்தார். 'ஓட்டோ-5' என்று பெயர்பெற்ற அது 1998 வரை உற்பத்தியாகி வந்தது.

அத்துப்பாக்கியிற் குழலும் பூட்டும் ஒன்றாய்ப் பிணைந்தவாறே பின்னோக்கி நெடுந்தூரம் ஓடும். ஓட்டத்தின் முடிவிற் பூட்டுப் பின்னே நிறுத்தப்பட, குழல் மட்டும் முன்னே திரும்பும். அப்போது வெற்றுத் தோட்டா வெளியேறும். பின்பு பூட்டு முன்சென்று புதிய தோட்டாவை இடும். மெல்லிய தோட்டாவுக்கும் கனத்த தோட்டாவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தீர்ப்பதற்குப் பிறவுணிங் உராய்வு வளையங்களை வைத்தார். கனத்த தோட்டாவுக்கு அவற்றை ஒருவகையாகவும், மெல்லியதற்கு வேறொருவகையாகவும் மாற்றி அடுக்குதல் வேண்டும். மாற்றாதவன் துப்பாக்கி மெல்லிய தோட்டாவோடு இடைநடுவில் நிற்கும். அல்லது கனத்த தோட்டாவினால் அதன் முன்மரம் பிளக்கும். பழைய ஓட்டோ-5 துப்பாக்கிகளைப் பழித்தோருட் பலர், வளையங்களைத் தவறாக அடுக்கியவராகவே இருந்தனர். இதிலிருந்து பெறப்படும் முதற்பாடம் யாதெனில், பொறியின் குற்றத்தையும் பொறியைக் கையாள்வோன் குற்றத்தையும் பிரித்தறியாதவன் நம்பகத்தை மதிப்பிடும் தகுதி அற்றவன் என்பதாம்.

இரண்டாம் பாடத்தைக் கற்பித்தது வின்செஸ்ரர் நிறுவனம். பிறவுணிங்கை இழந்த அந்நிறுவனம் தானும் ஒரு தானே நிரப்பும் துப்பாக்கி ஆக்க முற்பட்டது. அவருடைய காப்புரிமையோ எத்திசையும் வேலியிட்டிருந்தது. பூட்டைப் பின்னிழுக்கும் கைப்பிடியையும் அக்காப்புரிமை அடக்கிக்கொண்டமையால், 1911-ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய துப்பாக்கிக்குக் கைப்பிடியே இல்லாதுபோயிற்று. குழலின் மேற்புறத்தைச் சொரசொரப்பாக்கி, குழலையே கையாற் பிடித்துப் பின்னே தள்ளும்படி அமைத்தனர். அக்காலத் தோட்டாக்கள் கடதாசியினால் ஆனவை. ஈரத்தில் ஊதி அறையினுள் இறுகும். இறுகிய தோட்டாவை அகற்றவேண்டிச் சிலர் துப்பாக்கியின் சோங்கை நிலத்தில் ஊன்றி, குழலைத் தம் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, இரு கையாலும் கீழ்நோக்கி அமுக்கினர். அவ்வேளையில் தோட்டா வெடித்து உயிரிழந்தாரும் உளர். 'கைம்பெண்ணாக்கி' என்னும் கொடிய பெயர் அத்துப்பாக்கிக்கு நிலைத்துவிட்டது. அதிர்ச்சி தாங்க வைத்த நார்வளையங்கள் நாளடைவிற் பொடிந்துபோக, சோங்கும் பிளந்தது. 1925-ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது.

அத்துப்பாக்கி மலிவானதொரு பட்டறையிற் பிறந்ததன்று. நாடறிந்த நிறுவனத்திற் பிறந்தது. பெயரும் விலையும் மட்டும் காவலாகா என்பதற்கு இஃது ஒன்றே சான்று. மேலும், துப்பாக்கி செவ்வனே இயங்கும்போது அதன் இயல்பு விளங்குவதில்லை, சிக்கிக்கொண்டபோதே விளங்கும். சிக்கிய பொறியை ஆபத்தின்றி விடுவிக்க இயலுமா என்னும் வினா, அது எத்தனை முறை சிக்கும் என்னும் வினாவினும் குறைந்ததன்று.

பிற்காலத்தில் வேறு இரு முறைகள் தோன்றின. ஒன்று வாயு முறை. குழலில் இடப்பட்ட சிறு துளைகளின் வழியே வெடிமருந்தின் வாயுவிற் சிறுபங்கு கசிந்து ஓர் ஆடுதண்டைப் பின்னே தள்ளும். அது பூட்டைத் திறக்கும். 1950-களின் நடுப்பகுதியில் இம்முறை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. தபால்மூலம் பொருள் விற்ற சியர்ஸ் நிறுவனம் தன் சொந்த வணிகப் பெயரிற் குடியானவருக்கும் தொழிலாளருக்கும் விற்ற துப்பாக்கி, அம்முறையில் அமைந்த முதற் துப்பாக்கிகளுள் ஒன்று என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மலிவுப் பண்டம் எப்போதும் பிறர் ஆக்கத்தின் நிழலன்று. சிலவேளை அதுவே முன்னோடியுமாகும். 1963-இல் வந்த றெமிங்ரன் 1100 இம்முறையைப் பரவலாக்கியது. வாயு முறையின் நன்மை தோளில் உதைப்புக் குறைதல். தீமை கரி படிதல். துளைகள் அடைபடின் வலு குன்றும். 1100 துப்பாக்கியின் வாயுவைக் கசியாது காப்பது ஒரு சிறு இறப்பர் வளையம். அவ்வளையம் வெடித்துப்போயின் துப்பாக்கி தள்ளாடும். சில சதம் பெறும் உறுப்பு, பல நூறு டாலர் பெறும் பொருளை நிறுத்திவிடுகின்றது.

மற்றொன்று சடத்துவ முறை. புறூனோ சிவொலானி என்னும் இத்தாலியப் பொறியியலாளர் வகுத்த இதனை, உர்பீனோ நகரில் 1967-இல் தோன்றிய பெனெல்லி துப்பாக்கி நிறுவனம் கைக்கொண்டது. பேருந்து திடீரெனப் புறப்படும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னே சாய்வதுபோல, துப்பாக்கி பின்னே உதைக்கும்போது பூட்டின் பாரமான உடல் தன் இடத்திலேயே நிற்க முயலும். அதனால் அதற்கும் சுழலும் பூட்டுத்தலைக்கும் இடையேயுள்ள உறுதியான வில் நெருங்கும். நெருங்கிய வில் விரியும்போது பூட்டுத் திறக்கும். துளையில்லை, ஆடுதண்டில்லை, கரியும் குறைவு. ஆயின் துப்பாக்கி தடையின்றிப் பின்னே அசைதல் இம்முறைக்கு இன்றியமையாதது. துப்பாக்கியின்மேல் விளக்கும் பிற பாரமும் ஏற்றினாலும், மெல்லிய தோட்டாவை இட்டாலும் அது தயங்கும். பூட்டை மெதுவாக மூடினால் தலை முற்றச் சுழலாது நின்று, விசையை அழுத்தும்போது 'கிளிக்' என்னும் ஒலி மட்டும் எழுதலும் உண்டு.

காப்புரிமைக் காலம் கழிந்த பின்னர் இவ்விரு முறைகளும் உலகின் பொதுச்சொத்தாயின. அவற்றைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டது துருக்கி. கொன்யா மாகாணத்தில் பெய்செகிர் ஏரியை அடுத்த பகுதியில் ஹூலு, உசும்லு என்னும் சிற்றூர்கள் உள. அங்குத் துப்பாக்கித் தொழில் குடும்பத் தொழிலாகவே வளர்ந்தது. ஹூலுவில் 1962-ஆம் ஆண்டு தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றும் நிறுவப்பட்டது. அந்நாட்டுப் பட்டறைகளிலிருந்து செல்லும் துப்பாக்கிகளை அமெரிக்க இறக்குமதியாளர் பலர் தத்தம் பெயர் பொறித்து விற்கின்றனர். ஒரே ஆலையின் துப்பாக்கி இரு பெயரில் விற்கப்படுதலும், ஒரே பெயரில் இரு ஆலைகளின் துப்பாக்கிகள் விற்கப்படுதலும் உண்டு. எனவே பெயரை மட்டும் கேட்டறிதல் போதாது. ஆலையையும் ஆண்டையும் அறிதல் வேண்டும்.

விலை குறைவதற்கு நல்ல காரணமும் உண்டு. தீய காரணமும் உண்டு. கூலி குறைவு, மரத்துக்குப் பதிலாக நெகிழ்பொருட் சோங்கு, பளபளப்புக் குறைந்த மேற்பூச்சு, விளம்பரச் செலவின்மை ஆகியவற்றால் மலிந்த துப்பாக்கி தன் வேலையிற் குறைவதில்லை. பற்றுக்கொக்கி, தோட்டாத் தடை, வில் முதலிய சிற்றுறுப்புக்களின் உருக்கைச் செவ்வனே பதப்படுத்தாமையாலும், தோட்டா அறையின் உட்புறத்தை மெருகிடாமையாலும், ஆலையில் இறுதிச் சோதனையைச் சுருக்கியமையாலும் மலிந்ததாயின், அம்மலிவு வாங்குபவன் தலையிலே பின்னர் விடியும். கண்ணுக்குத் தெரியுமிடத்திற் சிக்கனம் செய்தார்களா, தெரியாதவிடத்திற் செய்தார்களா என்பதே அறிய வேண்டியது. கடையிலே துப்பாக்கி வெறுமையாய் இருத்தலை முதலில் உறுதிசெய்துகொண்டு, பூட்டைப் பலமுறை இழுத்துவிட்டுப் பார்த்தல், தோட்டா அறையிற் கருவி உழுத தடங்கள் உளவோ என நோக்கல், காப்புப் பூட்டு உறுதியாய் விழுகின்றதோ எனக் காணல் ஆகியவை சிறிது உதவும். ஆயினும் அவை முகம்பார்த்து நோய் சொல்லுதல் போன்றவையே.

குழலிற் பொறித்த சோதனை முத்திரையைக் காட்டி மனம் அமைதல் வேறொரு மயக்கம். இலண்டனில் 1637-ஆம் ஆண்டு பட்டயம் பெற்ற துப்பாக்கி வினைஞர் சங்கமும், பேர்மிங்காமில் 1813-இல் ஏற்பட்ட சோதனைச் சாலையும் தொடங்கி, ஐரோப்பிய நாடுகள் பல இத்தகைய சோதனையைச் சட்டமாக்கியுள்ளன. வழக்கமான அழுத்தத்தினும் நூற்றுக்கு இருபத்தைந்து பங்களவு மிகுந்த அழுத்தமுடைய தோட்டாவைச் சுட்டுக் குழல் தாங்குகின்றதா எனப் பார்ப்பதே அச்சோதனை. அது வலிமைக்குச் சான்று, நம்பகத்துக்குச் சான்றன்று. சோதனையில் உடையாத துப்பாக்கி மறுநாள் பத்துக்கு ஒன்று சிக்குதலுங் கூடும்.

இனி, சுட்டுப்பார்த்தல். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழர் பழமொழி. சோற்றுக்கு அது பொருந்தும். ஒரே நீரிலும் ஒரே தீயிலும் வெந்த அரிசி ஒருதன்மைத்து. துப்பாக்கிக்கு அது பொருந்தாது. தவறு என்பது எப்போதாவது நிகழ்வது. எப்போதாவது நிகழ்வதைச் சிலமுறை பார்த்து அறிதல் இயலாது. இதற்குக் கணித வல்லுநர் ஓர் எளிய விதி கூறுவர். எத்தனை முறை சோதித்தும் ஒரு தவறும் நேரவில்லையாயின், மூன்றை அச்சோதனை எண்ணால் வகுக்க வேண்டும். வரும் ஈவு, உண்மையான தவறு வீதம் எவ்வளவு உயர்ந்ததாய் இருத்தல் கூடும் என்பதன் எல்லை. இம்முடிவு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதியுடையது. 25 தோட்டாக்கள் கொண்ட பெட்டி ஒன்றைச் சுட்டு, "ஒன்றும் பிழைக்கவில்லை" என்று மகிழ்பவனுடைய துப்பாக்கி, நூற்றுக்கு 12 முறை தவறுவதாகவும் இருக்கலாம். நான்கு பெட்டிகள், அதாவது 100 தோட்டாக்கள், தவறின்றிச் சென்றால் எல்லை நூற்றுக்கு 3 ஆகும். பன்னிரண்டு பெட்டிகள், அதாவது 300 தோட்டாக்கள், தவறின்றிச் சென்ற பின்னரே நூற்றுக்கு 1 என்னும் எல்லையைக் கூறலாம்.

அந்த நூற்றுக்கு ஒன்று பெரிதா சிறிதா என்பது சுடுபவன் தேவையைப் பொறுத்தது. ஒரு நாளைக்கு மூன்று தோட்டாக்கள் சுடும் வேட்டைக்காரனுக்கு அது ஏறக்குறைய முப்பத்துமூன்று வேட்டைகளில் ஒரு தடங்கல். நாளொன்றுக்கு நூறு தட்டுக்களைச் சுடும் போட்டியாளனுக்கு நாள்தோறும் ஒரு தோல்வி. எனவே, 'நம்பத்தக்கது' என்ற சொல்லுக்கு 'யாருக்கு, எதற்கு' என்னும் இரு வினாக்களும் அடையாதல் வேண்டும்.

சோதிக்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். புதிய துப்பாக்கியின் உறுப்புக்கள் ஒன்றோடொன்று உராய்ந்து இணங்கும்வரை சிறிது தடைபடுதல் இயல்பு. ஆதலால் உற்பத்தியாளர் பலர், முதலிற் சில பெட்டிகள் கனத்த தோட்டாவைச் சுடுமாறு அறிவுறுத்துவர். அத்தவறுகளைத் தனியே எழுதிவைத்தல் நன்று. பின்னர், தான் உண்மையிற் பயன்படுத்தவிருக்கும் தோட்டாவையே கொண்டு எண்ணத் தொடங்க வேண்டும். ஒரே வேளையில் தோட்டாவையும் எண்ணெயையும் உறுப்பையும் மாற்றுபவன், எதனால் நோய் தீர்ந்தது என்பதை அறியான். மாற்றம் ஒன்று, சோதனை ஒன்று, குறிப்பு ஒன்று என்பதே முறை.

தவறுகளின் எண்ணிக்கையினும் அவற்றின் வகை பெரிதும் பேசும். வெற்றுத் தோட்டா அறையிலேயே இறுகி நின்றால், அறையின் கரடுமுரடோ, பற்றுக்கொக்கியின் மெலிவோ, தோட்டாவின் அடித்தகடோ காரணமாகலாம். மலிவான தோட்டாக்களின் அடி பித்தளையாயிராது உருக்காயிருத்தலுண்டு; பித்தளை விரிந்தபின் சுருங்குவதுபோல அது சுருங்குவதில்லை. வெற்றுத் தோட்டா வாயிலில் நிமிர்ந்து சிக்கினால், பொறிக்கு வலு போதவில்லை எனலாம். மெல்லிய தோட்டாவோ, கரியோ, குளிரில் இறுகிய எண்ணெயோ அதற்குக் காரணம். புதிய தோட்டா குழாயிலிருந்து விடுபடாவிடின் தோட்டாத் தடையை நோக்க வேண்டும். தோட்டாவின் தொப்பியில் ஊசித்தடம் மெலிதாய் விழுந்து வெடியாவிடின், சுத்தியல் வில் மெலிந்ததாகவோ பூட்டு முற்றாக மூடாததாகவோ இருத்தல் கூடும். ஐந்து தவறுகளும் ஒரேவகைத் தோட்டாவோடு நேர்ந்தனவாயின் தோட்டாவை மாற்றினாற் போதும். ஐந்தும் ஐந்துவகைத் தோட்டாவோடு நேர்ந்தனவாயின், அத்துப்பாக்கியை விற்றவனிடமே திருப்பிக் கொடுத்தல் அறிவுடைமை.

பிறர் கூறும் சான்றுகளை எவ்வாறு கொள்வது? மனக்குறையுற்றவன் உரத்துப் பேசுவான், குறையில்லாதவன் வாளாவிருப்பான். மற்றொருபுறம், தன் பணத்தைக் கொடுத்தவன் தன் தேர்வைத் தானே பழித்தல் அரிது. இவ்விருவகைச் சாய்வும் நீங்கக் கேட்க வேண்டியவை: எத்தனை தோட்டாக்கள் சுட்டீர், எவ்வகைத் தோட்டா, எத்தனை தவறு, எவ்வகைத் தவறு, எப்போது துடைத்தீர் என்பன. இவற்றுக்கு விடையில்லாத புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒரே நிறையுடையன. ஒருவன் கையிலுள்ள துப்பாக்கி நன்று என்பது, அதே ஆலையின் அடுத்த துப்பாக்கியும் நன்று என்பதற்கு முழுச் சான்றாகாது. உயர்ந்த விலை பெரும்பாலும் வாங்கித் தருவது இவ்வொருமைப்பாட்டையே. மலிவான துப்பாக்கிகளுள்ளும் சிறந்தவை உள. ஆயின் சிறந்ததற்கும் இழிந்ததற்கும் உள்ள இடைவெளி அங்குப் பெரிது. உறுப்பு ஒன்று உடைந்தால் மாற்றுறுப்புக் கிடைக்குமா, இறக்குமதியாளர் ஐந்தாண்டுக்குப் பின்னும் கடைதிறந்திருப்பாரா என்பனவும் விலையோடு சேர்த்துக் கணக்கிடத்தக்கவை.

சிறிய தொகையே கையிலுள்ளவனுக்கு வேறொரு வழியும் உண்டு. முன்மரத்தைக் கையால் இழுத்துத் தள்ளி இயக்கும் துப்பாக்கி, தோட்டாவின் வலுவை நம்பியிராதது. மெல்லியதும் கனத்ததும் அதற்கு ஒன்றே. 1950-இல் வெளிவந்த றெமிங்ரன் 870 என்னும் அவ்வகைத் துப்பாக்கி ஒரு கோடிக்கு மேல் உற்பத்தியாகியுள்ளது. ஒரே விலையில் இருவகையும் கிடைக்குமாயின், கையால் இயங்குவது பொதுவாகக் கூடிய நம்பகம் தரும். விரைவுக்கும் தோளின் சுகத்துக்கும் ஒருவன் கொடுக்கும் விலை, சிக்கலான பொறி. அவ்விலையைக் கொடுக்க வேண்டுமா என்பதை அவனே தீர்மானித்தல் வேண்டும்.

இறுதியாக, நம்பத்தக்க துப்பாக்கியும் ஒருநாள் தவறும். அன்று காப்பது பொறியன்று, பழக்கமே. விசையை அழுத்தியும் வெடிக்காவிடின், குழல்வாயை ஆபத்தற்ற திசையிலேயே வைத்து அரை நிமிடமேனும், இயலுமாயின் ஒரு நிமிடமும், காத்திருத்தல் வேண்டும். தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு. வெடியோசை வழக்கத்தினும் மெலிந்து கேட்டால் அடுத்த தோட்டாவைச் சுடலாகாது. துப்பாக்கியை முற்றாக வெறுமையாக்கி, குழலினுள் தக்கை சிக்கியுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். அடைபட்ட குழலிற் சுடும் அடுத்த வெடி குழலையே பிளக்கும். சிக்கிய துப்பாக்கியை நிலத்தில் ஊன்றி அதன்மேற் குனிதல் எக்காலத்தும் ஆகாது. 1911-ஆம் ஆண்டுத் துப்பாக்கியோடு போராடி மாண்டவர்கள் அறிவிலிகள் அல்லர், அவசரப்பட்டவர்கள்.

விலை ஒரு செய்தியைக் கூறும். பெயர் ஒரு செய்தியைக் கூறும். முத்திரையும் அயலவனும் தத்தமக்குத் தெரிந்ததைக் கூறுவர். அவற்றுள் ஒன்றேனும் முழுத் தீர்ப்பாகாது. பன்னிரண்டு பெட்டித் தோட்டாக்களும், ஒரு பென்சிலும், ஒரு கொப்பியும், வருந்தத்தக்க விடையையும் ஏற்றுக்கொள்ளும் மனமும் உடையவன், மலிவான பொருளை இகழாமலும் அதனிடம் ஏமாறாமலும் அதன் உண்மை மதிப்பை அறிவான்.